பட்டாளத்துப் பிஸ்டல் வீட்டுக்கு ஆகுமா? சேலம், ஏற்காடு பக்கத்துப் புதியவர்களுக்குப் படிப்படியாக

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன் மகன் ஒரு நாள் ராத்திரி கன்னங்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தான். வெளியூர்க் கடைகளுக்குக் கிலோக் கணக்கில் கொலுசு கொண்டு போகிறவன். காப்பியைக் கையில் வாங்கியதும் கேட்டான்: "சித்தப்பா, பட்டாளத்துல ஆபீசருங்க இடுப்புல வச்சிருப்பாங்களே, நீங்க ரிப்பேர் பாத்த அதே பிஸ்டல். அது ஒன்னு நான் வாங்க முடியுமா? வாங்கினா நல்லதா, கெட்டதா?"

நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவன். சுட வேண்டிய நேரத்தில் ஆயுதம் சுட வேண்டும், மற்ற நேரத்தில் சுடவே கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் ஆர்மரர் வேலை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள். பாங்கில் கன்மேன் வேலைக்குப் போகும் பழைய பட்டாளத்தார், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள், ரைபிள் கிளப்பில் சேர நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சர்வீஸ் பிஸ்டல் என்றால் ஒரு நாட்டின் படை தன் ஆட்களுக்கு வழங்குவதற்காகத் தேர்ந்தெடுத்த கைத்துப்பாக்கி. நம் ராணுவத்தில் நெடுங்காலமாக இருப்பது 'பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ'. மேற்கு வங்கத்தில் இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் செய்வது. அதன் மூலம் பெல்ஜியத்தின் எஃப்என் கம்பெனி 1935-இல் கொண்டுவந்த பிரவுனிங் ஹை பவர். ஜான் பிரவுனிங் தொடங்கி வைத்தார். 1926-இல் அவர் இறந்துபோக, அதே கம்பெனியின் டியூடோனே சைவ் அதை முடித்தார். ஒரு மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) 13 ரவுண்டு, அதாவது 13 தோட்டா. அந்தக் காலத்தில் மற்ற பிஸ்டல்களில் ஏழும் எட்டும்தான் என்பதால் 13 என்பது பெரிய எண்ணிக்கை. தோட்டா போடாமலே எடை ஏறத்தாழ 900 கிராம்.

அதற்கு முன்னால் பிரிட்டிஷ் காலத்துப் படைகளில் இருந்தவை, சுழலும் சிலிண்டரில் தோட்டா போடும் ரிவால்வர்கள்: .455 வெப்ளி, பின்னர் .380 தோட்டா போடும் வெப்ளியும் என்ஃபீல்டும் (இந்த எண்கள் தோட்டாவின் அளவைக் குறிப்பவை). சேர்வராயன் மலைப் பழைய பங்களாக்களில் "தாத்தா காலத்து ரிவால்வர்" என்று யாராவது பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்த வகையைத்தான் சொல்வார்கள்.

இரண்டாம் படி: சட்டத்தின் கதவு எங்கே மூடியிருக்கிறது என்று பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்த்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் துப்பாக்கிகளை வகை பிரித்திருக்கின்றன. படையின் 9 எம்எம் தோட்டாவையோ, .380, .455 விளிம்புத் தோட்டாக்களையோ போட்டுச் சுடக்கூடிய எந்தப் பிஸ்டலும் ரிவால்வரும் தடை செய்யப்பட்ட வகைக்குள் வந்துவிடும். லைசென்ஸ் பேச்சில் 'பி.பி.' என்று சொல்வார்கள், 'புரோகிபிட்டட் போர்', அதாவது தடை செய்யப்பட்ட துளை அளவு. மற்றவை 'என்.பி.பி.', தடை இல்லாதவை. பி.பி. ஆயுதத்துக்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். சாதாரணக் குடிமகன் கலெக்டர் ஆபீஸ் படியேறி மனுக் கொடுத்து வாங்கிவிட முடியாது.

இங்கே தடை பிஸ்டலின் பெயருக்கு இல்லை, அது சாப்பிடும் தோட்டாவுக்கு. படையின் தோட்டா வெளியில் கசிந்தாலும் வெளியில் இருக்கும் துப்பாக்கிக்கு அது பொருந்தக் கூடாது. அப்படி யோசித்துத்தான் வகை பிரித்திருக்கிறார்கள். ஆயுதக் கணக்கோடு இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு சரி என்றே நினைக்கிறேன்.

பட்டாளத்தில் இருந்து வந்தவருக்கு இதில் விலக்கு இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கிடையாது. ரிடையர் ஆகும் அன்று கையில் இருந்த ஆயுதம் யூனிட்டுக்குத் திரும்பிவிடும். பிறகு நாமும் மற்றவர்களைப் போல மனுப் போடுபவர்கள்தான். வெளிநாட்டில் கதை வேறு. அமெரிக்காவில் 1911 முதல் 1985 வரை படையில் இருந்த .45 பிஸ்டலின் பழைய இருப்பைக் குடிமக்களுக்கு விற்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் பணி முடிந்தவர் உரிய அனுமதியோடு தன் ஆயுதத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அந்த ஊர்களில் எடுத்தவை. அங்கே சரியாக இருப்பது நம் சேலம் ஐந்து ரோட்டில் குற்றம்.

சாதாரணக் குற்றமும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, தடை செய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை, 14 ஆண்டு வரை போகலாம். "பட்டாளத்துப் பீஸு, ஒருத்தர்கிட்ட இருக்கு, சல்லிசா முடிச்சுக்கலாம்" என்று யாராவது காதோரம் பேசினால், அந்த இடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள்.

மூன்றாம் படி: அந்தப் பிஸ்டலின் நல்லது கெட்டதைக் கிட்ட வைத்துப் பாருங்கள்

வாங்க முடியாத பொருளின் குணம் எதற்கு என்று கேட்கலாம். எந்தப் பிஸ்டலை வாங்கினாலும் அதன் தாத்தா ஏதோ ஒரு படைப் பிஸ்டல்தான். இங்கே சொல்லும் நல்லது கெட்டது சாதாரண லைசென்ஸில் உங்கள் கையில் வரப்போகும் .32 பிஸ்டலுக்கும் பெரும்பாலும் ஒட்டும்.

நல்லதை மனசாரச் சொல்கிறேன். 1ஏ முரட்டுப் பிறவி. மணலில் விழுந்து, மழையில் நனைந்து, மூன்று பேர் கை மாறி என் மேசைக்கு வந்த பிஸ்டலை, கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே பிரித்துவிடுவேன். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துக் கொக்கியில் மாட்டி, பக்கவாட்டில் இருக்கும் ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்தி உருவினால் ஸ்லைடு முன்னால் வழுக்கி வந்துவிடும். பேரலும் (குழாய்) ஸ்பிரிங்கும் தனித்தனியாகக் கைக்குக் கிடைக்கும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, திரும்பப் பூட்ட இரண்டு நிமிஷம். பிடி கைக்குள் அடக்கமாக உட்காரும். எஃகு உடம்பு கனமாக இருப்பதால் சுடும்போது உதைப்பு தணிந்து வரும். ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் செய்தது என்பதால் எங்கே தேயும், எது முதலில் உடையும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

கெட்டதற்கு வருகிறேன். முதலாவது, இது சிங்கிள் ஆக்‌ஷன். முதல் ரவுண்டு சுட வேண்டுமானால் ஹேமர் (பின்பக்கம் இருக்கும் சுத்தி) பின்னால் ஏறியிருக்க வேண்டும். சேம்பரில் (குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தோட்டாவும், ஏறிய ஹேமரும், மேலே ஒரு சின்னப் பாதுகாப்புக் கொக்கியுமாக இடுப்பில் வைத்திருக்க தினசரிப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாதவன் சேம்பரைக் காலியாக வைத்திருப்பான். ஆபத்து வரும்போது இரண்டு கையும் சேர்ந்து ஸ்லைடை இழுத்தால்தான் ஆயுதம் தயாராகும். என் அண்ணன் மகன் ஒரு கையில் கொலுசுப் பையோடு அதை எப்படிச் செய்வான்?

இரண்டாவது, 9 எம்எம் தோட்டாவின் வேகம். நொடிக்கு 350 மீட்டர் அளவில் கிளம்புகிறது. போர்க்களத்துக்கு அது வேண்டும். அம்மாப்பேட்டையில் ஒரு சுவரைப் பொதுச்சுவராக வைத்து ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்குள், குறி தப்பிய ரவுண்டு கதவையும் மெல்லிய தடுப்பையும் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகும். சுட்டவருக்குத் தெரியாத ஒருவர் அங்கே தூங்கிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது பழைய சர்வீஸ் ஆயுதங்களுக்கே உரியது: அது எத்தனை ரவுண்டு சுட்டிருக்கிறது என்பதற்கு வாங்குபவரிடம் கணக்கு இருக்காது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், மேகசினின் மேல் விளிம்பு விரிந்திருக்கும். வெளியே பார்க்க நீலப் பளபளப்பு மாறாமல் இருக்கும். பழைய வடிவங்களில் தரையில் விழுந்தால் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) முன்னால் ஓடாதபடி தடுக்கும் பூட்டும் கிடையாது.

நான்காவதை ஒரு சம்பவமாகவே சொல்கிறேன். இந்தப் பிஸ்டலில் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஏறியிருக்கும் ஹேமரை டிரிகர் அழுத்தி இறக்க வேண்டுமென்றால் காலி மேகசினை மறுபடி உள்ளே செருக வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த ஒருவர் ஆயுதத்தை ஒப்படைக்க என் எதிரில் நின்றார். களைப்பு. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டியவர், முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டார். சேம்பரில் இருந்த ரவுண்டு வெளியே துள்ளி விழுந்தது. அதே இழுப்பில் மேகசினில் இருந்து அடுத்த ரவுண்டு சேம்பருக்குள் போய்விட்டது. பிறகுதான் மேகசினைக் கழற்றினார். தரையில் ஒரு ரவுண்டு கிடக்கிறது, மேகசின் கையில் இருக்கிறது. காலி என்று அவர் மனசு முடிவு செய்துவிட்டது. காலி மேகசினைச் செருகி, ஹேமரை இறக்க டிரிகரை அழுத்தினார். வெடித்தது.

முன்னால் மணல் நிரப்பிய பெட்டி இருந்தது. அதை நோக்கித்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி, அவரும் பிடித்திருந்தார். ரவுண்டு மணலுக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் காது அடைத்து, பேச்சு வராமல் நின்றோம். பதினெட்டு வருஷம் சர்வீஸ் போட்ட மனிதர் அவர். வரிசை ஒரு தடவை மாறியது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் மணல் பெட்டி இருக்கிறதா?

நான்காம் படி: எதற்கு வேண்டும் என்று உங்களுக்கே பதில் சொல்லுங்கள்

என்னிடம் வருகிறவர்களைக் கேட்டுக் கேட்டு, மூன்று காரணங்கள்தான் என்று தெரிந்துகொண்டேன்.

பட்டாளத்தின் மீதுள்ள ஆசை ஒன்று. அப்பா இருந்தார், அண்ணன் இருந்தார், அல்லது தானே இருந்து பிரிந்து வந்தவர். இந்த ஆசை எனக்கும் உண்டு, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் இதற்கு ஆயுதம் தேவையில்லை. மெடல், பெல்ட், யூனிட் போட்டோ இவற்றை ஒழுங்காகக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். சுடத் தெரிந்த ஒன்றை நினைவுப் பொருளாக வைத்தால் அது நினைவுப் பொருளாக மட்டும் இருக்காது.

இரண்டாவது, சுடும் விளையாட்டு. இதற்கு நேர்வழி ரைபிள் கிளப். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். 4.5 எம்எம் துளையும், 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள ஏர் பிஸ்டலுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டாம். கை நடுக்கமும் மூச்சும் டிரிகர் விரலும் என்னவென்று அது கற்றுக்கொடுப்பதுபோல 9 எம்எம் கற்றுக்கொடுக்காது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய விஜய் குமார் அப்போது நம் ராணுவத்தில் சுபேதார். அவர் அங்கே சுட்டது .22 தோட்டா. பட்டாளத்துக்காரர் பெருமைப்பட அந்தச் சின்னத் தோட்டா போதுமானதாக இருந்தது.

மூன்றாவது, உயிர்ப் பயம். இதைச் சாதாரணமாகப் பேச மாட்டேன். வெள்ளியும் பணமும் சுமந்து நடப்பவருக்கும், மலையில் பக்கத்து வீடு அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் குடும்பத்துக்கும் பயம் உண்மையானது. அவர்களிடம் நான் கேட்பது: தாக்க வருபவனிடம் இருந்து பிஸ்டல் உங்களைக் காப்பாற்றப்போகும் நேரம் ஆயுசில் சில நொடி. மீதி நேரம் முழுக்க அது உங்கள் பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கப்போகிறது. அந்த நேரத்துக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்? வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவரோ, கோபம் தலைக்கேறினால் தன்னை மறப்பவரோ, மனம் ஒடிந்து தனியாகவே உட்கார்ந்திருப்பவரோ இருந்தால், இந்த வழிகாட்டியை இதோடு மூடிவிடுங்கள். அந்த வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

அண்ணன் மகனிடம் சரக்கை ஒரே ஆள் சுமக்காதே, போகும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இரு, சரக்குக்கு இன்ஷூரன்ஸ் போடு என்று முதலில் சொன்னேன். பிஸ்டல் பேச்சு அதற்குப் பிறகு.

ஐந்தாம் படி: சட்டம் தரும் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இத்தனைக்குப் பிறகும் வேண்டும் என்றால், சாதாரண லைசென்ஸில் கிடைக்கும் கைத்துப்பாக்கி .32 அல்லது .22. நம் நாட்டு ஆர்டனன்ஸ் ஃபேக்டரிகள் .32 ரிவால்வரும் .32 பிஸ்டலும் செய்கின்றன. கான்பூரில் 2014-இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற பெயரில் சுமார் அரைக் கிலோ எடையில் ஒரு .32 ரிவால்வரைக் கொண்டுவந்தார்கள். அப்போதே அதன் விலை ஒரு லட்சத்துக்கு மேல்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ரிவால்வரின் .32-உம் பிஸ்டலின் .32-உம் ஒரே தோட்டா இல்லை. ரிவால்வருக்கு 23 எம்எம் நீளக் கூடு, பிஸ்டலுக்கு 17 எம்எம். கடையில் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். ஒன்றுக்கு மற்றதைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

.32 பிஸ்டலின் தோட்டா சுமக்கும் விசை 9 எம்எம்மில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பட்டாளத்துக் கண்ணோடு பார்த்தால் குறை. நெருக்கமான தெருவில் இருக்கும் வீட்டின் கண்ணோடு பார்த்தால் அது அவ்வளவு பெரிய குறை இல்லை. புதியவருக்கு ரிவால்வரா பிஸ்டலா என்று கேட்டால் ரிவால்வர் என்பேன். சிலிண்டரைத் திறந்தால் ஆறு அறையும் கண்ணுக்கு நேரே தெரியும். என் எதிரில் நடந்த அந்த வரிசைத் தவறுக்கு ரிவால்வரில் இடமே இல்லை.

ஆறாம் படி: மனு

விண்ணப்பத்தை மத்திய அரசின் ஆயுத லைசென்ஸ் இணையதளத்தில் படிவம் ஏ-1-இல் போட வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ, உடலும் மனமும் சரியாக இருப்பதற்கான மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று ஆகியவை வேண்டும். பிறகு உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் இருந்து விசாரணை வரும். சேலம் மாநகர எல்லைக்குள் இருப்பவருக்கும் ஏற்காடு போன்ற மாவட்ட எல்லையில் இருப்பவருக்கும் விசாரிக்கும் அதிகாரிகள் வேறு. உங்கள் தெரு எந்தக் காவல் நிலையத்தில் சேர்கிறது என்று முதலிலேயே உறுதி செய்துகொண்டால் ஃபைல் இரண்டு பக்கமும் அலையாது.

விசாரணைக்கு வருபவரிடம் பயத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். தொழில் என்ன, எவ்வளவு சரக்கு, எந்த வழி, முன்பு புகார் கொடுத்திருந்தால் அதன் ரசீது என்று காகிதத்தைக் காட்டுங்கள். லைசென்ஸ் நமக்குப் பாத்தியதை இல்லை. காரணம் போதாது என்றால் மறுப்பார்கள். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. தரகர் வைத்து முடிப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

லைசென்ஸ் வந்தபின் குறித்த கெடுவுக்குள் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ஆயுதத்தின் எண்ணைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். லைசென்ஸ் 5 ஆண்டுக்கு. ஒருவர் இரண்டு ஆயுதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. 2019 வரை மூன்றாக இருந்தது.

ஏழாம் படி: வீட்டுக்குள் ஒரு கோத் கட்டுங்கள்

பட்டாளத்தில் ஆயுத அறையைக் 'கோத்' என்போம். இரும்புக் கதவு, சங்கிலி, பூட்டு, வாசலில் சென்ட்ரி என்ற காவலாள். உள்ளே ஆயுதக் கணக்குக்குப் பொறுப்பான ஒரு கோத் என்.சி.ஓ. எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டும். ஒரு ரவுண்டு குறைந்தால் யூனிட் முழுக்கத் தூங்காது. அந்தப் பிஸ்டல் நம்பகமானது என்று பெயர் வாங்கியதற்குப் பாதிக் காரணம் இஷாப்பூர் எஃகு. மறுபாதி அதைச் சுற்றி நிற்கும் இந்த ஆட்கள். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும்போது எஃகு மட்டும்தான் வருகிறது. சென்ட்ரியும் கோத் என்.சி.ஓ.வும் ஆர்மரரும் இனி நீங்கள்தான்.

செய்ய வேண்டியது இது. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று, ஆயுதத்துக்கு. வேறு அறையில், வேறு சாவியோடு இன்னொரு பெட்டி, தோட்டாவுக்கு. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் பீரோவில் கிடையாது. ஒரு அறுபது பக்க நோட்டு போடுங்கள். எடுத்த தேதி, வைத்த தேதி, ரவுண்டு கணக்கு. மாதம் ஒரு நாள் எண்ணிக் கையெழுத்துப் போடுங்கள். பார்க்க யாரும் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த வரிசை: குழாய் வாய் ஆளில்லாத திசையில், விரல் டிரிகருக்கு வெளியே, முதலில் மேகசின் வெளியே, பிறகு ஸ்லைடு முழுக்கப் பின்னால். சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவியும் பாருங்கள். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. ஒரு வாளியில் மணல் நிரப்பி அறை மூலையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கல்யாணம், கோயில் விழா, தேர்தல் வெற்றி என்று வானத்தைப் பார்த்துச் சுடுவதை இப்போது சட்டம் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எட்டாம் படி: மலைமேல் இருப்பவருக்கு ஈரம்தான் முதல் எதிரி

ஏற்காட்டில் ஒரு தோட்ட வீட்டுப் பெரியவர், லைசென்ஸோடு வைத்திருந்த .32 ரிவால்வரை எடுத்துக்கொண்டு வந்தார். அழகான தோல் உறை; உறைக்கு வாராவாரம் பாலிஷ் போடுவாராம். உறையை விட்டு உருவினேன். பேரலின் இடது பக்கம் முழுக்க, உறையின் தையல் போன வழியிலேயே, புள்ளி புள்ளியாகத் துரு. தையல் ஊசி இறங்கிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குழி. சிலிண்டருக்குள் இருந்த தோட்டாக்களின் பித்தளையில் பச்சை பூத்திருந்தது. ஒன்று விரலால் தள்ளினாலும் வெளியே வரவில்லை.

1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாகவே வீட்டுக்குள் வந்து உட்காரும். தோல் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோல் பதனிட்ட உப்பும் மருந்தும் அதோடு சேர்ந்தால் எஃகைத் தின்றுவிடும். அதனால் தோல் உறை கொண்டுபோவதற்கு மட்டும். உறங்க வைப்பதற்கு, எண்ணெய் தோய்த்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மழைக் காலத்தில் மாதம் ஒரு முறை மாற்றுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், குளிரில் உறைந்து பிசினாகி இயக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள், மெல்லிய படலம் போதும். சேலத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததும் உடனே பெட்டியில் பூட்டாமல், ஆயுதத்தின் மேல் படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

அந்தப் பெரியவரின் ரிவால்வரை நான் வீட்டில் ரிப்பேர் பார்க்கவில்லை. லைசென்ஸ் உள்ள ஆர்மரர் கடைக்குத்தான் அனுப்பினேன். பட்டாளத்தில் கற்ற வேலையாக இருந்தாலும் வீட்டில் செய்ய எனக்கும் உரிமை கிடையாது.

ஒன்பதாம் படி: அலைச்சலுக்குத் தயாராக இருங்கள்

தேர்தல் அறிவித்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்குங்கள், முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூர் போனால் லைசென்ஸில் எந்த எல்லை வரை செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது. மாவட்டம் மட்டும் என்றால் ஓசூருக்குக்கூடக் கொண்டுபோக முடியாது. வீடு மாறினால் தெரிவிக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் ஆறு மாதம் முன்பே குறித்து வையுங்கள்.

பத்தாம் படி: நீங்கள் இல்லாத நாளுக்கு

லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. லைசென்ஸ்காரர் இறந்த நாளில் இருந்து அதே ஆயுதம் அதே பெட்டியில் இருந்தாலும் வைத்திருப்பவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கிய பிறகு பெற்றுக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு: வயது 70 ஆகியிருந்தாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற மனுப் போடலாம். பரண் மேல் தாத்தாவின் வெப்ளி இருப்பதாகத் தெரிந்தால் அதைத் தொட்டுப் பார்க்காமல், காகிதம் என்னென்ன இருக்கிறது என்று தேடி எடுத்துக்கொண்டு, ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போங்கள்.

என் அண்ணன் மகன் இன்னும் மனுப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர் பிஸ்டல் பழகப் போகிறான். சரக்கு எடுத்துப் போக இப்போது இரண்டு பேர். மனுப் போடுவதாக இருந்தால் முதலில் இதை ஒட்டு என்று, இரும்புப் பெட்டிக் கதவின் உள்பக்கத்துக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் பெண்டாட்டி படிப்பதற்காக எழுதியது:

"அம்மா, அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் இதை நீ கையில் எடுக்காதே. பெட்டியைப் பூட்டியபடியே வை. லைசென்ஸ் புத்தகம் மேல் தட்டில், நீலக் கவரில் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போன் செய்து வரச் சொல். வந்தவர்கள் துப்பாக்கியின் எண்ணைப் புத்தகத்தோடு சரிபார்க்கட்டும். ரவுண்டு எத்தனை என்று நோட்டில் இருக்கும், அதையும் எண்ணிக் கொடு. ரசீது கைக்கு வராமல் அவர்களை அனுப்பாதே."